ரேடாரில் விழாத வண்டி

என் சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு மாட்டியிருக்கிறேன். விளக்கு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அதற்குள் ஒரு ரேடாரும் இருக்கிறது. பின்னால் வண்டி வந்தால் கண்டுபிடித்து, ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரைக்குத் தகவல் அனுப்பிவிடும். திரையின் ஓரத்தில் கீழிருந்து ஒரு புள்ளி கிளம்பும். வண்டி நெருங்க நெருங்கப் புள்ளியும் மேலே ஏறும். கூடவே 'கிக்' என்று ஒரு சத்தம். வேகமாக வருகிற வண்டியென்றால் ஓரமெல்லாம் சிவந்துவிடும். வண்டி தாண்டிப் போனதும் பச்சை. அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான்.

இதை வாங்கும்படி செய்தது ஒரு டெம்போ. நாங்கள் இருப்பது கோயமுத்தூரில், ஒண்டிப்புதூர்ப் பக்கம். என் அம்மா வீடு காங்கேயத்துக்கு அருகில். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஓர் ஆசை வந்தது: பஸ்ஸிலும் காரிலும் போய்ப் போய்ச் சலித்த அந்த வழியை ஒரு தடவையாவது சைக்கிளில் போய் அம்மா வீட்டு வாசலில் இறங்க வேண்டும். ஆசை என்ன ஆசை, வெறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியும் விட்டேன். பல்லடத்துக்கு முன்னால் தேங்காய் மட்டை ஏற்றி வந்த டெம்போ ஒன்று என் ஹேண்டிலை உரசிக்கொண்டு போனது. விழுந்ததில் வலது பக்கக் காறை எலும்பு முறிந்தது. டெம்போக்காரர் பதறிப்போய் நிறுத்தி, என்னைத் தூக்கி உட்கார வைத்து, ஆஸ்பத்திரி வரை கூட வந்து, நான் ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்தார். அப்படிப்பட்ட ஆளை எந்த வாயால் திட்டுவது? எனக்கு அதில்தான் பெரிய எரிச்சல்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஓட்டிக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் தோளில் சுரீர் என்றது. ஒரு கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். நம் ரோட்டுக் குண்டு குழியில் அது தினமும் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கழற்றி எறிந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எதையும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் ஆளில்லை. நான் மறுபடி சைக்கிளை எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோதும், "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பின் சக்கரத்தில் காற்றில்லை.

"காத்து எறங்கிப்போச்சாட்ட இருக்குது" என்றார், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு.

பம்பு வைத்து அடித்தேன். அடுத்த வாரமும் அதே சக்கரம், அதே கதை. வால்வு மூடி மட்டும் ஒழுங்காகத் திருகி மூடியிருந்தது. நான் எப்போதும் மூடியை அரைகுறையாகத்தான் வைப்பேன். நான் வேலை பார்ப்பது மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில். என்னிடமா இந்த வேலை? மூடியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் கோபம் நிற்கவில்லை. பயந்துபோன மனிதனை எவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருப்பது?

அப்புறம்தான் காந்திபுரத்தில் ஒரு கடையில் இந்த ரேடார் விளக்கைப் பார்த்து வாங்கி வந்தேன். அவர் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பொறகால வர்றது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எல்லா வண்டியுமா?"

"எல்லா வண்டியுந்தான்" என்றேன், பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்காமல்.

"அப்பச் சரி" என்றார். காங்கேயத்துக்கு மட்டும் உடனே வேண்டாம், கொஞ்ச நாள் பக்கத்திலேயே ஓட்டிப் பழகு என்றார். அந்த ஒரு நிபந்தனைக்கு நானும் தலையாட்டினேன்.

புதுச் சாமான் கைக்கு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வழியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளிதான். கிக் கிக் கிக் என்று அது கதறிய கதறலில், டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்க சைக்கிளுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். அதற்கு லாயக்கான இடம் சூலூர் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் போகும் ரோடுதான் என்று தெரிந்துகொண்டேன். அங்கே ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாகத் தெரியும். பிரைவேட் பஸ் விறுவிறு என்று ஏறிவரும். மொபெட் சாவகாசமாக நகரும். நின்றுகொண்டிருக்கும் லாரி தெரியவே தெரியாது. ரோட்டோரம் அசை போட்டுப் படுத்திருந்த மாடும் அதற்குக் கணக்கில் இல்லை. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பதே எனக்கு ஓட்டுவதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது.

ஒரு நாள் ஒரு புள்ளி கிளம்பி, பாதி தூரம் ஏறி, காணாமல் போனது. ஓரம் பச்சை. சரி, ஏதோ தோப்புக்குள் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். திடீரென்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

"ஏனுங்கக்கா, இந்தச் சைக்கிள் எங்கீங்க வாங்குனீங்க?"

உயிரே போய்விட்டது. பைக்கில் ஒருவர், என் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு, சிரித்தபடி வருகிறார். நம் பக்கத்தில் இது வழக்கம்தான். சைக்கிள்காரரைச் சும்மா தாண்டிப் போனால் மரியாதையில்லை என்பதுபோல் வேகத்தைக் குறைத்து, எந்த ஊரு, எதுவரைக்கும் போறீங்க, டீ குடிச்சீங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவரை எனக்கு ஒரே கேள்விதான். இவர் வந்தது ஏன் தெரியவில்லை?

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் டெஸ்டிங் நடந்தது. வீட்டுக்காரரை அவருடைய பேட்டரி ஸ்கூட்டரில் பின்னால் வரச் சொன்னேன். வேகமாக வந்தார், புள்ளி ஏறியது. என் வேகத்துக்கே வரச் சொன்னேன், புள்ளி மறைந்தது. விஷயம் புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாக நெருங்கி வருகிற வண்டிதான் அதற்கு வண்டி. என் வேகத்திலேயே கூட வருகிறவர் அதற்கு இல்லாத ஆள்.

"அப்பக் கூடவே வந்தா இதுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. கூட வர்றவங்களால என்ன ஆபத்து?"

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைச் சார்ஜில் போடப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ரேடாருக்குப் பைத்தியம் பிடித்தது. வீட்டை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ஒரு புள்ளி வரும், மறையும். யாரும் தாண்டிப் போக மாட்டார்கள், பக்கத்தில் வந்து பேசவும் மாட்டார்கள். பிறகு ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கி வேகம் குறையும்போதெல்லாம் ஒரு புள்ளி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். காதைத் தீட்டிக் கேட்டாலும் எஞ்சின் சத்தமே இல்லை. எங்கள் டெஸ்டிங் பிரிவில் எண் சரியாக வராவிட்டால் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம். அந்தப் பழக்கதோஷம். விளக்கைத் துடைத்தேன். அரை விரல் மேலே தூக்கி மாட்டினேன். காந்திபுரத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டையும் போட்டேன். அவர்கள் ஏதோ அப்டேட் போட்டுக் கொடுத்து, "இனிச் செரியாயிருமுங்கக்கா" என்றார்கள். ஆகவில்லை.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போவது வீட்டுக்காரர் பொறுப்பு. கொஞ்ச வாரமாக வாடிய கீரையும் அடிபட்ட தக்காளியுமாக, அதுவும் நான் வந்து குளித்து முடித்த பிறகுதான் கொண்டுவருகிறார். "சந்தைக்குப் போறீங்களா, சந்தைய மூடறதுக்குப் போறீங்களா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார். இவ்வளவு பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மீட்டரை அல்லவா பிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு, குளத்தங்கரை ஏற்றத்தில் புள்ளி எட்டிப் பார்த்த அதே நொடியில் சட்டென்று பிரேக் பிடித்து இறங்கினேன். சைக்கிளைப் பிடித்தபடி, தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு மொத்தமாகத் திரும்பினேன். பின்னால் பேட்டரி ஸ்கூட்டரில் என் வீட்டுக்காரர். முன்னால் கொக்கியில் காலி மஞ்சப்பை ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குனிந்து முன் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"காத்து எறங்கிப்போச்சுங்களா?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை உருட்டிப் பக்கத்தில் வந்து நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எத்தன வாரமா இந்தக் கூத்து? நா என்ன எல்கேஜி புள்ளையா, பொறகாலயே வர்றதுக்கு? என்ன நம்பலீங்களா நீங்க?"

"உன்ன நம்பாம என்ன அம்மணி? பொறகால வர்றவன எப்பிடி நம்பறது?" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "நடுவால நா இருந்தேன்னா, எவனாச்சும் வந்தாலும் மொதல்ல..." என்று நிறுத்திவிட்டார்.

அதற்குள் என் திரையில் கிக். ஒரு புள்ளி சர்ரென்று ஏற, ஓரம் சிவந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. "ஓரம் வாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிரைவேட் பஸ் ஒன்று ஸ்கூட்டர் கண்ணாடிக்குக் கையகல தூரத்தில் காற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. மஞ்சப்பை பறந்து பள்ளத்தில் விழுந்தது.

"வண்டில ரெண்டு கண்ணாடி இருக்குதுங்களே, அதுல பாக்க மாட்டீங்களா?"

"உன்னயவே பாத்துட்டு வர்றப்பக் கண்ணாடிய எங்க பாக்கறது?"

இத்தனை வாரமும் என் முதுகுக்கு ரேடார் இருந்தது. ரேடாருக்கும் லாரிகளுக்கும் நடுவில் இந்த மனிதர் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

சீட்டுக்குக் கீழிருந்து விளக்கைக் கழற்றினேன். ஸ்கூட்டரின் பின் கம்பியில் வைத்து ரப்பர் பட்டையை இழுத்து மாட்டினேன்.

"இதென்ன பண்ற?"

"கம்முனு இருங்க."

விளக்கு அவர் வண்டியில், திரை என் சைக்கிளில். அவருக்குப் பின்னால் வருவது இனி எனக்குத் தெரியும், நான் கத்திச் சொல்வேன். ஒரே சங்கடம், விளக்கும் திரையும் ரொம்பத் தள்ளியிருந்தால் ஒன்றோடொன்று பேசாது. பத்துப் பதினைந்து அடிக்குள்ளேயே அவர் வர வேண்டும். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வருகிற வேலையெல்லாம் அன்றோடு முடிந்தது.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்துக்குக் கிளம்பினோம். அம்மா வீட்டில் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம். விடியற்காலையில் ரோடு காலி. "லாரிங்க" என்று நான் சத்தம் போடுவேன். "செரி செரி" என்று அவர் ஓரம் கட்டுவார். பல்லடத்துக்கு முன்னால் அந்த இடம் வந்தது. நான் நிற்கக்கூட இல்லை. "இங்கதானுங்க விழுந்தேன்" என்று இடது கையால் காட்டிவிட்டு, ஏதோ கடையைக் காட்டுவதுபோல் தாண்டிப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் திரை ஒரு மாதிரி சத்தம் போட்டது. வண்டி வரும்போது வருகிற கிக் இல்லை. பார்த்தால், விளக்கைக் காணோம், தொடர்பு அறுந்துவிட்டது என்று காட்டியது. இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

நான் காட்டிய இடத்தில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, அவர் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். நான் விழுந்த அன்றைக்கு அவர் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். இந்த இடத்தை இப்போதுதான் பார்க்கிறார். சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்த்ததை மறைக்கவில்லை, அவரும் அழுததை மறைக்கவில்லை.

"ஊட்டுக்குத் திரும்பிரலாங்களா?" என்று கேட்டேன். அவர் ஆமாம் என்றிருந்தால் அன்று நான் திரும்பியிருப்பேன்.

அவர் கிழக்கே ரோட்டைப் பார்த்தார். "அத்தை அங்க பணியாரத்துக்கு மாவு கரைச்சு வெச்சிருப்பாங்க" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ முன்னால போ. நா பொறகால வாரேன்."

நான் ஏறி மிதித்தேன். விளக்கோடு தொடர்பு கூடி, திரையில் மறுபடியும் பச்சை வந்திருந்தது.