கடைசிப் பக்கம் முதலில்

சுந்தரவல்லிக்குக் காமிக்ஸ் பைத்தியம். உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தக் குடியிருப்பில் இது ஊரறிந்த விஷயம். நாற்பதை நெருங்கும் பெண்மணி, துப்பாக்கியும் குதிரையும் போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். வடபழனி முருகனைக் கும்பிடப் போனாலும், மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாலும், திரும்பும்போது அவள் பையில் தாம்பூலத்துக்கு அடியில் ஒரு காமிக்ஸ் இருக்கும். ஒரே ஒரு குறைதான். படித்து முடித்ததும் அந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வாய் துறுதுறுக்கும். கேட்க ஆள் கிடையாது.

கணவர் கணேசமூர்த்தி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருப்பவர். தங்கமான மனுஷன், ஆனால் கதை என்றால் கொட்டாவி வந்துவிடும். சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளையில் யாரையாவது பிடித்து முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அடுத்து என்ன ஆகும் என்று தவிக்கிற வேலையெல்லாம் கடையோடு போதும் என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தீபாவளிச் சரக்கு வரும் நேரத்தில்தான் வினை வந்தது.

"ஏ வல்லி, ஆயுத பூஜைக்குள்ள பரண் காலியாகணும். துணிக்கட்டை அங்கதான் ஏத்தணும். அந்தச் சவத்தையெல்லாம் பழைய பேப்பர்க்காரன்ட்ட போட்டுரு" என்றார் கணேசமூர்த்தி.

பரண் முழுக்கக் காமிக்ஸ்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதுகூட அங்கே இருந்தது. சுந்தரவல்லி சண்டை போடவில்லை, இரண்டு நாள் அவருக்குப் பிடிக்காத பாகற்காயையே சமைத்துப் போட்டாள். அதுவும் பலிக்கவில்லை.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் மகன் ஸ்ரீஹரி வந்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் மந்தைவெளி; வேலையும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்.

"இதுக்கா அத்தை மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கே? எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சிடில போட்டுத் தரேன். உன் பரண் மொத்தமும் ஒரு டப்பாவுல அடங்கிடும். பூச்சி அரிக்காது, கிழியாது. சூப்பரா இருக்கும்!"

யோசித்துப் பார்த்தால் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. படமும் எழுத்தும்தானே காமிக்ஸ், காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். முதலில் ஒன்றே ஒன்று செய்து பார்க்கலாம். நன்றாக இருந்தால் மொத்தத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டு, அப்புறம் பேப்பர்க்காரரைக் கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. அந்த ஒன்றுக்கு, வாங்கி இன்னும் பிரிக்காத புதுப் புத்தகத்தையே கொடுத்தாள். படித்த கதை என்றால் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். படிக்காத கதையில்தான் கம்ப்யூட்டரின் லட்சணம் தெரியும் அல்லவா? பனிமலை ஓட்டலில் முதலாளியைக் கொன்றது யார் என்ற கதை. கை அரித்தாலும் திறந்து பார்க்காமல் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஸ்ரீஹரி சிடியோடு வந்து சேர்ந்தான். கடைக் கணக்குக்காக வாங்கி, தூசிக்குப் பயந்து வீட்டிலேயே துணி போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டர் முன்னால் சுந்தரவல்லி முறுக்குத் தட்டோடு உட்கார்ந்தாள். கணேசமூர்த்தியும் பின்னால் வந்து நின்றார். பரண் இன்றோடு ஒழிந்தது என்ற சந்தோஷம் அவருக்கு.

திரையில் படம் வந்தது. வலது பக்கம் பனி கொட்டுகிறது. ஓட்டல் முதலாளி உயிரோடு நின்று காபி கேட்கிறார். இடது பக்கம் துப்பறிபவர் ஒருவன் கையில் விலங்கை மாட்டியபடியே சொல்கிறார்: "முதலாளியைக் கொன்றது நீதான், கணக்குப்பிள்ளை!"

"அடப்பாவி!" என்று அலறினாள் சுந்தரவல்லி.

"இன்னா அத்தை? கலர் நல்லாதானே இருக்கு?"

"எப்படிடா ஸ்கேன் பண்ணினே?"

"நடுவுல இருந்த பின்னைக் கழட்டிட்டு, ஒவ்வொரு தாளா வச்சு எடுத்தேன். அப்பதான் மடங்காம வரும்."

"பின்னைக் கழட்டினா முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாள்லதானேடா இருக்கும்! ஒரு காமிக்ஸாவது படிச்சிருக்கியா நீ?"

"இல்ல அத்தை" என்றான் ஸ்ரீஹரி, உண்மையாக. "மாத்தி அடுக்கிடறேன். சின்ன வேலைதான்."

"முடிவு தெரிஞ்சப்புறம் அடுக்கினா என்ன, அடுக்காட்டி என்ன?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து கணேசமூர்த்தி கேட்டார்: "கணக்குப்பிள்ளையா? அவன் எதுக்கு முதலாளியைக் கொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் படிக்கவே இல்லையே!"

"நடுவுல போட்டிருப்பாமுல்லா. ஏலே, தள்ளு பாப்போம்."

ஸ்ரீஹரி தள்ளினான். இரண்டாம் பக்கத்தோடு விசாரணையின் முடிவு வந்தது. அடுத்ததில் ஓட்டலுக்கு விருந்தாளிகள் வந்து இறங்க, கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தப்பி ஓடினான். கணேசமூர்த்திக்குத் தலை சுற்றியது.

"இது முன்னயும் பின்னயும்லா இழுக்கு. அந்தத் தாளைக் குடு."

ஸ்ரீஹரி சிடியோடு கொண்டுவந்திருந்த கவரிலிருந்து தாள்களை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கேட்கக் கேட்க சுந்தரவல்லி ஒவ்வொரு பக்கமாகத் தேடி எடுத்து நீட்டினாள். அப்படியே அவளும் எட்டிப் பார்த்துப் படித்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிய, ஸ்ரீஹரிதான் போய் அடுப்பை அணைத்தான்.

"வருஷக்கணக்கா ஒரு நாள் லீவு குடுக்கலையாம்" என்றார் கணேசமூர்த்தி கடைசியில், முகம் வெளிறி. திங்கட்கிழமை முதல் வேலையாக, மைத்துனன் கல்யாணத்துக்கு லீவு கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்த தன் கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, போய்விட்டு வா என்றார்.

துணிக்கட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. "பரண்ல ஒண்ணையும் தொடாத. நான் படிக்கணும்" என்று உத்தரவாயிற்று. ஸ்ரீஹரி ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்த சிடி, மழைக்குப் பரண் ஒழுகிப் புத்தகம் நனைந்தால் உதவும் என்று பீரோவுக்குள் போனது.

ஆனால் அவருடைய பழைய புத்தி போகவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். சுந்தரவல்லி எத்தனை நாள் பொறுப்பாள்? அவளே பின்னைக் கழற்றி, மேல் தாளை உருவி மிக்ஸிக்கு அடியில் ஒளித்துவிட்டு, மிச்சத்தை மதியச் சாப்பாட்டோடு அவர் முன்னால் வைத்தாள்.

"வல்லி, முதல் பக்கத்தைக் காணுமே?"

"கடைசிப் பக்கமும் அதுலதானே இருக்கு. எப்படித் தருவேன்?"

"பின்ன நான் எங்கேருந்து ஆரம்பிக்க?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

"முதல் பக்கத்தை நான் சொல்றேன், கேளுங்க" என்றாள். "ஒரு ரயில் வந்து நிக்குது. அதுலேருந்து யாருமே இறங்கல."

கணேசமூர்த்தி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே 'உம்' கொட்டினார்.