ஈரம் இல்லாத ஐஸ்

எங்கள் அத்தை கும்மிடிப்பூண்டியில் இறால் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். இறாலைப் பெட்டியில் அடுக்கி, நடுவில் புகை ஐஸ் வைத்து மூடி, விமானத்துக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் அந்த ஐஸில் எலுமிச்சம்பழம் அளவு துண்டைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் அப்போது ஆறாவது.

தட்டில் போட்டாள். வெள்ளைப் புகை விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கியது.

"கையால தொடாத. சும்மா பாரு."

பெரியவர்கள் எதையும் தொடாதே என்றுதான் சொல்வார்கள். ஏன் என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். துண்டு சிறுத்தது. கடலை அளவு ஆனது. அப்புறம் இல்லை. தட்டைத் தடவினேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"எங்க அத்த போச்சு?"

"காத்தா பூட்ச்சி."

"தண்ணி ஆவாதா?"

"அது ஆவாது. நேரா காத்துதான்."

குச்சி ஐஸ் வாங்கினால் முழங்கை வரை ஒழுகும். இது ஒழுகாமல் எப்படிப் போகும்? இரண்டு நாள் அதே நினைப்பு. எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள்தான், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், சூடு ஏற ஏற ஆடிப் பிடி தளரும் என்று வெகுநாள் கழித்து ஒருவர் சொன்னார். சாதா ஐஸ் கொஞ்சம் பிடியை விட்டுத் தண்ணீராய் ஓடுமாம். இதில் பிடி லேசு. நம் வீட்டுச் சூட்டுக்கே மொத்தமாக விட்டுவிடுமாம். அன்றைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வாயை விட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரி வகுப்பே கேட்கச் சிரித்தாள்.

"தண்ணி ஆவாத ஐஸாம்டி! உங்க அத்த உன் காதுல பூ சுத்திகீது."

"கொண்டாந்து காட்டுறேன்."

"காட்டலன்னா?"

"இந்த வருசம் முழுக்க உன் பைய நான் தூக்கிக்கினு வரேன்."

அத்தையிடம் இன்னொரு துண்டு கேட்டேன்.

"கேட்ல செக்கிங் பண்றானுங்கடி. மாட்னா வேல பூடும்."

நான் ராத்திரிச் சோறு தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷிப்ட் முடிந்து வந்தவள் டிபன் டப்பாவை நீட்டினாள். உள்ளே முட்டை அளவு.

"எடுக்கிற நேரம் சூப்பர்வைசர் வந்துட்டான். கையிலயே மூடிக்கினு நின்னேன். போவவே மாட்டேன்றான்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் படுத்துவிட்டாள்.

குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று மூடியை இறுக்கினேன். மேலே ரப்பர் பேண்டு. பஸ்ஸில் மூடி தானாகவே எழும்பி டப் என்றது. அமுக்கினேன். மறுபடியும் டப்.

"இன்னாம்மா, உள்ள கோழி வச்சிக்கினு கீறியா?" என்றார் கண்டக்டர்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் சுற்றி நின்றார்கள். திறந்தேன். டப்பா சில்லென்று இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"தொட்டுப் பாரு, ஈரமே இல்ல! அதான் சாட்சி" என்றேன்.

"காலி டப்பால ஈரம் எங்கடி இருக்கும், புளுகுணி?"

சாயந்திரம் முன்னால் என் பை, பின்னால் அவள் பை. பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காட்னியா?"

"இல்ல. காணாம பூட்ச்சி."

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய வலது உள்ளங்கை வெளுத்துக் கொப்பளித்திருந்தது.

"இன்னா அத்த கையி?"

"ஐஸ் சுட்டுச்சு."

நாள் முழுக்கப் பொய்க்காரி என்று பேச்சுக் கேட்டுவிட்டு வந்தவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போ அத்த. ஐஸ் எங்கனா சுடுமா? புளுகாத."

அத்தை இடது கையால் ஸ்பூனை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.