இருமல் நின்ற வெள்ளிக்கிழமை

உப்பளம் பகுதியில் ஒரே ஒரு அறையும் அடுப்படியும் கொண்ட பழைய வீடு எங்களுடையது. என் கணவர் சேவியர் நுரையீரல் நோயால் அந்த அறையில்தான் இறந்தார். அதற்கு ஜன்னல் கிடையாது. "பின்செவுத்துல ஒரு ஜன்னல் இருந்தா கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு மகள் ரோசிக்கும் வீசிங் வந்தது. சுவர் ஈரம்தான் காரணம், காற்றுக்கு வழி செய்யுங்கள் என்றார் டாக்டர்.

போன வருடம் தவக்காலத்தில் வேலையைத் தொடங்கினோம். கொத்தனார் ஏழுமலை ஜன்னலுக்காகப் பின்சுவரை உடைத்தார். மதியம் அவர் சாப்பிடப் போனதும் அதைக் கேட்டேன். இருமல். இரண்டு முறை இருமி, தொண்டையைச் செருமி, நின்றது. சேவியர் அப்படித்தான் இருமுவார்.

பக்கத்து வீட்டில் யாரோ என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ரோசி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா இருமுறாரு மா."

அவளுக்குப் பயமே இல்லை. எனக்குத்தான் பயம். கட்டிலுக்கு நேர் மேலேயிருந்து தினமும் அந்தச் சத்தம் வந்தது. வீட்டை விட்டுப் போய்விடலாம் என்றால் போக இடமில்லை. மாதா படத்தின் முன் அழுதேன். "அம்மா, அது அவரா இருந்தா அவருக்கு இளைப்பாற்றி குடு. இந்தச் சத்தம் நிக்கணும். எங்களக் காப்பாத்து." வேறு செபம் எனக்கு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சத்தம் நின்றது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அந்த அமைதி என்னை உட்காரவே விடவில்லை. ரோசி மூச்சு வாங்கியபடி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கோயிலில் சிலுவைப் பாதைச் செபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எழுப்பினேன்.

"இப்பவே ஏம்மா?"

"தெரியல. எழுந்துரு, கோயிலுக்குப் போலாம்."

செபம் நடந்துகொண்டிருக்கும்போது ஏழுமலை கோயில் வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பில்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"யக்கா, கொழந்த எங்க?"

பக்கத்தில் நின்ற ரோசியைக் காட்டினேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அறையின் பழைய மச்சுக் கூரை இடிந்து விழுந்திருக்கிறது. கட்டில் இருந்த இடத்தில் செங்கல் குவியல்தான் இருந்தது. பிள்ளை அடியில் இருக்கிறாள் என்று அவர் வெறுங்கையால் தோண்டியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவரே காரணம் சொன்னார். "உத்திரக்கட்டைய கரையான் தின்னுருக்கு. செவுத்த ஒடச்சதும் தாங்கல் போச்சு. அது முனகுனதுதான் உங்களுக்கு இருமலா கேட்டிருக்கும்."

"வுழறதுக்கு முன்னாடி சத்தம் அதிகமாத்தான ஆவணும்? அன்னிக்கி ஏன் நின்னுச்சு?" என்று கேட்டேன்.

அவர் கரையான் தின்ற கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்கள் கோயில் பங்கு மக்கள் கூடி இடிபாட்டை அள்ளினார்கள். ஏழுமலை புது மச்சு போட்டு, ஜன்னலும் வைத்துக் கொடுத்தார். ரோசி இப்போது மருந்தில்லாமல் தூங்குகிறாள். திருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான் இப்போது தினமும் பூசைக்குப் போகிறேன், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன். சில மதியங்களில் கை வேலையை விட்டுவிட்டு நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அப்போது பயமும் வருகிறது, நன்றியும் வருகிறது.

அது கட்டையா, சேவியரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அனுப்பியவர் ஆண்டவர்தான் என்று தெரியும். அன்பானவர்களே, உங்களைப் பயமுறுத்துவது எதுவோ, அதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் எழுந்து வரச் சொன்னால், ஏன் என்று புரியாவிட்டாலும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.