முத்திரை கலைந்த களம்

நன்னிலத்துப் பக்கம் காத்தாயியை வாய்க்காரி என்பார்கள். வாய் மட்டுமா? நெஞ்சும் அப்படித்தான். கூலிக்கு நாற்று நட்டவள், புருஷன் போன பிறகு விவசாயச் சங்கத்தோடு நின்று சண்டை போட்டு, பண்ணையார் நிலத்தில் கொஞ்சத்தை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு வாங்கினாள். கழக ஆட்சி வந்து, உழுகிறவருக்கு ஆதரவாகச் சட்டமும் இருந்த காலம்தான். ஆனால் களத்தில் பண்ணையார் வைத்ததே சட்டம்.

நெல்லைக் குவித்ததும் பண்ணைக் காரியக்காரர் துரைராசு வந்து அம்பாரத்தைச் சுற்றிச் சாம்பல் முத்திரை குத்திவிட்டுப் போவார். பங்கு பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. முத்திரை கலைந்தால் திருட்டு. திருடியவளுக்கு நிலம் கிடையாது. பங்கு மட்டும் நியாயமா என்ன? பாதிக்கு மேல் பண்ணைக்குப் போகும். சட்டம் சொன்னதோ நேர்மாறு.

அந்தத் தையில் விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், நெல் கொள்முதலையும் உணவுக் கொள்கையையும் நேரில் படிக்க வந்து, காத்தாயி வீட்டில் தங்கி அவளோடு கதிர் அறுத்தார்கள். அறுப்பு முடிந்து முத்திரையும் விழுந்த மறுநாள், அவள் வண்டி பேசப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அலறியடித்து ஓடிவந்தால் களம் காலி!

"ஒரு மணி கூட நனையலக்கா! எல்லாத்தையும் வீட்டுக்குள்ள அள்ளிட்டோம்" என்றாள் கூத்தாநல்லூர்ப் பெண் ரசியா, தொப்பலாக நனைந்து, பல்லெல்லாம் தெரிய.

காத்தாயிக்கு முத்திரைதான் நினைவுக்கு வந்தது. அடப் பாவிப் பிள்ளைகளா! ஊருக்கே தெரிந்த சங்கதியை இவர்களிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லையே. திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை.

மழை விட்டதும் துரைராசு குடையோடு வந்து நின்றார். ஊரும் கூடிவிட்டது.

"முத்திரையக் கலைச்சது யாருடி?"

"நாங்கதாங்க" என்று ரசியா முன்னால் வந்தாள்.

"அப்படிச் சொல்லு! காத்தாயி, இதுங்க திருடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போலீஸ் பாத்துக்கும். உன் நிலத்துக்கு நான் பொறுப்பு."

காத்தாயி ரசியாவின் கையைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.

"நான்தான் அள்ளச் சொன்னேன். நனைஞ்சிருந்தா உங்க பண்ணைக்கும்தானே நட்டம்? முத்திரைதான் போயிடுச்சே, இனிமே எதுக்குக் காத்திருக்கணும்? சட்டம் சொல்ற பங்க இப்பவே அளந்துடுறேன்."

"நிலம் வேணாமா உனக்கு?"

"வேணுங்க. சட்டப்படி பங்கு குடுத்தவள யாரும் வெளியேத்த முடியாது. அதுக்குத்தான் அளக்குறேன்."

நெல் அளக்கும் மரக்காலை எடுத்துவந்தாள். நம் பக்கத்தில் முதல் அளவை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்போம். "லாபம்!" என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது.

துரைராசு கூட்டத்தைப் பார்த்தார். ஒருத்தரும் நகரவில்லை. குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, பண்ணைச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.