சேர்மன் மணி அடிக்கச் சொன்னார்

போன சனிக்கிழமை விடிய, எங்கள் கிராம சபைச் சேர்மன் ஹோட்டல் முற்றத்தில் வந்து நின்று, "மணியை அடியுங்கோ" என்றார். அடித்தேன்.

மணி அடிப்பது ஒரு பெரிய காரியமா? இல்லைத்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் என் கை மயிர் எழும்பி நிற்கிறது.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே போகிற கடற்கரை ரோட்டில் எங்கள் ஹோட்டல் இருக்கிறது. நான் அங்கே கோக்கி. வெள்ளைக்காரருக்கு உறைப்பில்லாமல் மீன் பொரித்துக் கொடுக்கிறவன். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். நாலு பேர் கூடி நின்றால் நான் குசினிக்குள் போய்விடுவேன் என்பதும் தெரியும்.

மலைநாட்டில் கலவரம் என்று செய்தி வந்ததும் வெள்ளைக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அறைகள் வெறுமையாகக் கிடந்தன. அதே கலவரத்தில் வீடு எரிந்தவர்கள் லொறிகளில் திருகோணமலைக்கு வந்து இறங்கினார்கள். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள். கோயில் மடத்திலும் பள்ளிக்கூடத்திலும் இடம் நிரம்பிவிட்டது. மிச்சப் பேர் பஸ் நிலையத்தில் இருந்தார்கள்.

எங்கள் முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு ஹாஜியார். பஸ் நிலையத்தைப் பார்த்துவிட்டு நேரே ஹோட்டலுக்கு வந்தார்.

"அறையெல்லாம் சும்மாதானே கிடக்கு மனே, திறந்து விடுங்க" என்றார்.

"ஹாஜியார்… கட்டில், மெத்தை எல்லாம்…" என்று இழுத்தேன்.

"மெத்தையில மனுசன் படுக்காம வேற என்ன படுக்கிற?"

திறந்துவிட்டேன்.

வந்தவர்களில் ராமாயி என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் எதற்கும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளுடைய மகள் தங்கம் நிறைமாதக்காரி. இன்றோ நாளையோ என்ற நிலை. தங்கத்தின் கணவன் ஒரு தகரப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே அறைக்குள் போனான். எங்கேயாவது திரும்பவும் ஓட வேண்டி வருமோ என்று நினைத்திருப்பான்.

"புள்ள பொறக்கிற வரைக்குமாவது இங்கன இருக்க விடுவாங்களா அண்ணே?" என்று ராமாயி என்னிடம் கேட்டாள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் கடற்கரையில் நின்றார்கள். அவர்களில் ஒருவரும் அதற்கு முன் கடலைக் கண்டதில்லை. பெண்கள் கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் மணலில் விழுந்து கும்பிட்டார். பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற கடல்தான் அது… அன்றைக்கு அவர்களுக்குப் பின்னால் நின்று பார்க்க, யாரோ இரவோடு இரவாகக் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது.

ராமாயி மெதுவாகக் கேட்டாள்: "இம்புட்டுக்கும் யாருண்ணே தொரை?"

தோட்டம் என்றால் அதற்கு ஒரு துரை இருப்பார். கடலுக்கு? "ஒருத்தரும் இல்லை, தங்கச்சி" என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை பெரிய இடத்தை யாராவது ஆள் வைக்காமல் விடுவார்களா?

ஆனால் ஊருக்குத் துரைகள் இருந்தார்கள்.

கிராம சபை கூடியது. ஹாஜியார் என்னை அனுப்பினார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வர. நான் வழக்கம்போல உள்ளே போகாமல் ஜன்னலோரம் நின்றேன். மெம்பர்களில் ஒருவர் சந்தியில் கடை வைத்திருக்கிறார். அவருடைய குரல்தான் ரோடு வரைக்கும் கேட்டது.

"லைசன்ஸ் டூரிஸ்ட் ஹோட்டலுக்குக் குடுத்தது. தோட்டக்காட்டாரைக் குடியிருத்தக் குடுக்கேல்லை! இண்டைக்கு அறை கேப்பினம். நாளைக்குக் காணி கேப்பினம். அடுத்த முறை வாக்குக் கேட்டு எங்களுக்கு எதிரா நிப்பினம்!"

இன்னொரு மெம்பர் மெல்லச் சொன்னார்: "அவையளில முக்கால்வாசிப் பேருக்கு வாக்கே இல்லையாம்."

"அப்ப அவையளால எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்றார் கடைக்காரர் அதே மூச்சில்.

கிணற்று நீர் போதாது, கக்கூஸ் போதாது, காய்ச்சல், வருத்தம் பரவும் என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. அவர்கள் ஹோட்டலை விட்டுப் போக வேண்டும். எங்கே போக வேண்டும்? அதைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

கலவரம் செய்தவர்கள் வேறு பாஷை பேசினார்கள் என்று அந்தச் சனங்கள் சொன்னார்கள். இந்தத் தீர்மானம் நல்ல தமிழில் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"போங்க எண்டு நான் சொல்ல மாட்டன். என்ட வாயால ஏலாது. வேணுமெண்டா சேர்மன் வந்து அவர்ட வாயால சொல்லட்டும்."

அப்படித்தான் சனிக்கிழமை விடிய சேர்மன் வந்தார். கூடவே கடைக்கார மெம்பரும், சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. ஐயாவும். சேர்மன் கெட்ட மனிதர் அல்ல. தபால் கந்தோரில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவர். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போனால் போதும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

"அறை அறையாய்ப் போய்ச் சொல்ல ஏலாது கோக்கியார். மணியை அடியுங்கோ. எல்லாரும் ஒருமிக்க வரட்டும்."

எங்கள் மணி மணியல்ல. வேப்பமரத்தில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. கடலில் குளிக்கிற வெள்ளைக்காரருக்குச் சாப்பாட்டு நேரம் தெரியட்டும் என்று கட்டியது. அவர்கள் போன பிறகு அதை நான் தொடவில்லை. இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது?

ஒரு கூச்சல் இல்லை. "என்ன, ஏது" என்று ஒரு கேள்வி இல்லை. கதவுகள் திறந்த சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் தலைத் துணியை இறுக்கிக்கொண்டே வந்தார்கள். துணி இல்லாதவர்கள் ஹோட்டல் துவாயைக் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். ஒருவர் தோளுக்கு நேரே மற்றவர் தோள். நூல் பிடித்தது போல வரிசை! பிள்ளைகளைக்கூட யாரோ பின்னால் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். அறைகளில் இத்தனை பேர் இருந்தார்களா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அலைச் சத்தம் மட்டும்.

சேர்மன் தொண்டையைச் செருமினார். "இஞ்ச பாருங்கோ… இது டூரிஸ்ட் ஹோட்டல். இதில நீங்கள் இருக்கிறது சட்டப்படி ஏலாது. அதால… நீங்கள் இனிப் போகவேணும்."

ராமாயி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். "சரிங்க ஐயா. எங்கிட்டுப் போகணுங்க?"

சேர்மன் அதை எதிர்பார்க்கவில்லை. அழுவார்கள், கும்பிடுவார்கள் என்று நினைத்து வந்திருப்பார். "எங்க எண்டால்… போகவேணும்."

"ஆமாங்க ஐயா. எந்தப் பக்கம்னு காட்டுனீங்கன்னாப் போயிருவோம்."

"பாத்தியளே ஐயா, என்ன நடிப்பு!" என்றார் கடைக்காரர்.

நடிப்பா? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. கோபம் இல்லை. உத்தரவுக்குக் காத்திருக்கிற முகம். எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ, கிட்டப் போய்க் கேட்டேன்: "ஏன் தங்கச்சி நிக்கிறியள்? ஒண்டும் இல்லையெண்டால் உள்ளுக்குப் போங்கோவன்."

"என்னங்கண்ணே நீங்க! பெரட்டுக்குக் கூப்புட்டவரு எடம் சொல்லாம எப்புடிக் கலையிறது?"

பெரட்டு… அப்போதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் விடிய இப்படித்தான் இரும்பில் அடிப்பார்களாம். அடித்ததும் எல்லாரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். இன்றைக்கு உனக்கு இந்த இடம் என்று சொன்ன பிறகுதான் அசையலாம். சொல்லும்வரை நிற்க வேண்டும். மழை பெய்தாலும்தான். தாத்தன் நின்றான், தகப்பன் நின்றான், இவர்களும் நிற்கிறார்கள். வீடு எரிந்தது, ஊர் போனது, தேயிலைச் செடி போனது… பெரட்டு மட்டும் அவர்களோடு லொறியில் ஏறி வந்திருக்கிறது.

சேர்மனுக்கும் அது கேட்டது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அவரிடம் ஆட்கள் மதகு கேட்டிருக்கிறார்கள், லைட் கேட்டிருக்கிறார்கள், ஏசிவிட்டும் போயிருக்கிறார்கள். அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு சொல்லுக்காக இப்படி யார் காத்து நின்றார்கள்?

"நாங்கள் வெளிக்கிடுவம் ஐயா. கொஞ்சம் பாத்திட்டுத் தாங்களாய்ப் போவினம்" என்றார் பி.எச்.ஐ.

மூன்று பேரும் கேற்றடிக்குப் போனார்கள். சேர்மன் திரும்பிப் பார்த்தார். வரிசை அப்படியே நின்றது. எல்லா முகமும் அவர் பக்கம். ரோட்டில் கால் வைத்தார். திரும்பவும் பார்த்தார். ஒரு தலைகூட அசையவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

வெயில் ஏறியது. தங்கம் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். ஒரு கை இடுப்பில். முகம் வெளிறியிருந்தது. நான் ஓடிப் போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் வைத்தேன்.

"பெரட்டுல குந்தக் கூடாதுங்கண்ணே" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

எதிர் வரிசையில் அவள் கணவன் நின்றான். அவன் கண் அவளை விட்டு விலகவில்லை. கால் விரல்கள் மணலைக் கிளறின. ஆனால் அவனும் நகரவில்லை.

"பிள்ளை, இரு!" என்றார் சேர்மன்.

தங்கம் தாயைப் பார்த்தாள். தாய் சேர்மனைப் பார்த்தாள். இருக்கச் சொன்னால் எல்லாரும் இருப்பதா? ஒருத்தி மட்டுமா? அப்படி ஒரு உத்தரவை அவர்கள் கேட்டதே இல்லைப் போலும். தங்கத்தின் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது.

சேர்மன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, உள்ளுக்குப் போங்கோ! எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ! அவரவர் அறைக்கு! அதுதான் உங்கட இடம்!"

"சரிங்க ஐயா" என்றாள் ராமாயி.

அவ்வளவுதான். வரிசை கலைந்தது. கணவன் பாய்ந்து வந்து தங்கத்தைத் தாங்கிக்கொண்டான். கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. முற்றத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரு வெறும் கதிரையும்.

"என்ன ஐயா சொல்லிப்போட்டியள்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நீர் கேட்டுக்கொண்டுதானே நிண்டனீர்?" என்றார் சேர்மன். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கதை அதோடு முடியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் விடிய குசினிக் கதவைத் திறக்கிறேன் – முற்றத்தில் வரிசை! மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சேர்மன் ஒரு முறை பெரட்டு எடுத்துவிட்டார் அல்லவா? இனி ஒவ்வொரு நாளும் எடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. தங்கமும் நின்றாள். நான் சொன்னால் எடுபடுமா? கோக்கி சொல்லிக் கலைகிற பெரட்டு உலகத்தில் எங்கே இருக்கிறது?

சைக்கிளை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனேன். கேற்றடியில் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. அவர் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கண்டார்.

"நிக்கினமோ?"

"ஓம் ஐயா."

சாரத்தோடே வந்துவிட்டார். உள்ளுக்குப் போகச் சொன்னார். போனார்கள்.

திங்கட்கிழமை நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, ஒரு கிழவர் இருமுகிறார் என்று பி.எச்.ஐ.யையும் கூட்டிவந்தார். கடைக்காரர் இதைச் சந்தியில் நின்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறாராம்: "எங்கட சேர்மன் இப்ப தோட்டத்துத் துரை!" சொல்லட்டும். சந்தியில் இருப்பவர்கள் விடிய வந்து ஒரு நாள் அந்த முற்றத்தில் நிற்க வேண்டும். ஒரு சத்தமில்லாமல் அத்தனை கண்களும் உங்களை நம்பிப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். நான் ஓரமாக நிற்கிறவன், நானே அந்தக் கண்களைப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

புதன்கிழமையும் சேர்மன் வந்தார். பெண்கள் வரிசையைப் பார்த்தார். நின்றார். திரும்பவும் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"எங்க அந்தப் பிள்ளை?"

ராமாயி பதில் சொல்வதற்குள், "எங்க போனது? ஆர் அனுப்பினது?" என்று என் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்.

"ஹாஜியாரிட காரில பெரியாஸ்பத்திரிக்குப் போனவ ஐயா" என்றேன்.

"பொம்பளப் புள்ளைங்க ஐயா. தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்க" என்றாள் ராமாயி. சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சேர்மன் கடல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளுக்குப் போகச் சொல்லவும் மறந்துபோனார். வரிசையும் பொறுமையாக நின்றது.

சபையின் தீர்மானம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஓராள் குறைந்ததற்கே இப்படிப் பதறுகிற மனிதர் எல்லாரையும் எப்படி அனுப்பப் போகிறார், சொல்லுங்கள்?