மாஸ்க்குக்கு அடங்காத மீசை

பட்டறைக்குள் எந்தக் கார் வந்தாலும் மீசைக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது அதன் பக்கக் கண்ணாடியைத்தான். கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார் போல, என்று வண்டிக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது மீசையை. சட்டைப்பையிலிருந்து குட்டிச் சீப்பை எடுத்து, இரண்டு பக்கமும் மேல்நோக்கி ஓர் இழுப்பு இழுத்த பிறகே, "ம், எங்க கொண்டுபோய் இடிச்சீங்க?" என்று வண்டிப் பக்கம் திரும்புவார்.

இடிபட்ட கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். கதவு சாத்திய அறையில், பனிமூட்டம் போல் எழும் பெயிண்டுக்கு நடுவே வெறும் முகத்தோடு நிற்பார். வேலை முடிந்ததும் பெயிண்டைக் கரைக்கும் தின்னரிலேயே கையையும் கழுவி, அதே கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மீசை நுனியில் அன்றைய வண்டியின் நிறம் ஒட்டியிருக்கும். "இன்னைக்கு வெள்ளை வண்டியா? வயசு கூடிப்போச்சே" என்பாள் மனைவி. அவருடைய சட்டையை மட்டும் அவள் தனியாகத்தான் துவைப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மாஸ்க் போடச் சொன்னால் ஒரே பதில்தான். "நான் சிகரெட்டைக் கையால தொட்டதில்ல. எனக்கெல்லாம் ஒண்ணும் வராது." சொல்லிக்கொண்டே பட்டி பார்க்கும் கூட்டாளியைக் கண்ணால் காட்டுவார். நசுங்கிய தகட்டில் பட்டி தடவி, உப்புத்தாளால் தேய்த்து அவன் வழவழப்பாக்கிக் கொடுத்தால்தான் இவர் பெயிண்ட் அடிக்க முடியும். அவன் வாயில் எந்நேரமும் சிகரெட் புகையும். "ஆமாமா, வந்தா முதல்ல எனக்குத்தான்" என்று அவனும் சிரிப்பான்.

அப்படியேதான் ஆயிற்று. சிறுநீரில் ரத்தம் வருகிறதென்று மருத்துவமனைக்குப் போனவனுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். அன்று மாலை போனில் அவனேதான் சொன்னான்.

"டாக்டர் முதல்ல சிகரெட்டைக் கேட்டார். அப்புறம் என்ன வேலைன்னு கேட்டார். பெயிண்ட் பட்டறைன்னு சொன்னேன், அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். சிகரெட்டைத் தொடாம நீ பாதி ஆபத்தைத்தான்டா விட்டிருக்க."

மீசைக்காரர் அன்று சாப்பிட உட்காரும் முன் தன் கையை முகர்ந்து பார்த்தார்.

பட்டறை முதலாளியும் ஆடிப்போய்விட்டார். பெயிண்ட் அறையில் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறியை மாட்டினார். பாதுகாப்பு சொல்லித்தர ஒரு மேடத்தையும் வரவழைத்தார். அந்தப் பெண் மீசைக்காரருக்கு ரப்பர் மாஸ்க்கை மாட்டி, தலைக்கு மேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சினாள். மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தால் கசப்பு தெரியக் கூடாது.

"கசக்குதாண்ணே?"

"இல்லையே."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"என் மூஞ்சியே அப்படித்தாம்மா."

மேடம் சிரிக்கவில்லை. "மீசை ரெண்டு பக்கமும் ரப்பருக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்கு. அந்தச் சந்து வழியா எல்லாம் உள்ள போகும். மீசையை எடுங்க, இல்லைன்னா பெயிண்ட் ரூம் பக்கமே வராதீங்க. கையையும் இனிமே சோப்புல கழுவுங்க."

வீட்டுக்கு வந்தவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றவர்தான், நகரவில்லை. மனைவி கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

"மீசை இல்லாத புருஷன்னா எனக்குச் சம்மதம். புருஷன் இல்லாத மீசையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மறுநாள் முடிதிருத்துகிறவர், "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எடுத்து முடித்ததும், வெயிலே படாத மேலுதடு வெளுத்துப்போய், இரவல் வாங்கி ஒட்டவைத்தது மாதிரி தெரிந்தது. வீட்டுக் கதவைத் திறந்த மனைவி, "யார் வேணுங்க?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். பட்டறையில் மேடம் மறுபடி மருந்தைப் பீய்ச்சியபோது மீசைக்காரர் கசப்புக்காகக் காத்திருந்தார், காத்திருந்தார். வரவே இல்லை. ஏனோ அவருக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் போனார். கூட்டாளி தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. மருந்து கேட்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். சிகரெட்டை விட்டதிலிருந்து சோறு ருசிக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தவன், மீசைக்காரரை அப்போதுதான் உற்றுப் பார்த்தான்.

"என்னடா இது? எனக்குத் துணைக்கா?"

"உனக்காக யாருடா எடுப்பா? மாஸ்க்குக்காக."

"கிட்ட வா."

மீசைக்காரர் குனிந்தார். தேய்த்த தகட்டில் மேடுபள்ளம் பார்க்கும்போது பட்டிக்காரர்கள் கண்ணை நம்புவதில்லை, விரலைத்தான் நம்புவார்கள். கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு, ஊசி குத்தி வீங்கிய கையை நீட்டி, அந்த வெற்று மேலுதட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தான்.