நான் துடைக்காத கோடு

ஒரே அணு கனமுள்ள கரித்தாளைப் படமெடுப்பது பாதித் தொழில். எடுத்த படத்தை நம் கைடிடமிருந்து காப்பாற்றுவது மீதித் தொழில். ஆராய்ச்சிக்கூடங்களில் குப்பை கொட்டும் சகபாடிகளே, உங்களுக்குத் தெரியாததா!

அழுக்கு

தாளின் பெயர் கிராஃபீன். தங்கம் பூசிய ஊசிமுனையை அதன்மேல் ஓட்டி லேசர் அடித்தால், திரும்பி வரும் ஒளியின் நிறமே கரி அணுக்கள் பின்னிய வலை எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். எங்கள் தாளில் பழுதே இல்லை என்று என் கைடு சார் கட்டுரையை எழுதியே வைத்துவிட்டார். என் படத்திலோ குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு!

இரண்டு துண்டாக வளர்ந்த தாள் ஒட்டிக்கொண்ட இடம் அது என்றேன். என் தீசிஸில் எனக்கென்று இருந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான். சார் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை.

"ஊசி ஓடற திசையிலேயே கோடு வந்திருக்கு. முனையில அழுக்கு, கேட்டோ. படத்தைத் தொடச்சிட்டு அனுப்பு."

ஏசி

துடைப்பேனா? புது ஊசி மாட்டினேன். ஏசிக் காற்று பட்டாலே ஊசி தடம் மாறும். அதனால் ஏசியை அணைத்துவிட்டு, வாய் திறக்காமல், கையசைத்தே காரியம் பார்ப்பது எங்கள் வழக்கம். பாறசாலையிலிருந்து வரும் என் தோழி ஷீபாவும் புழுங்கிக்கொண்டு கூட இருந்தாள்.

அதே இடத்தில் அதே கோடு! நான் துள்ளிய துள்ளலில் மேஜை இடிபட்டு ஊசி தாளில் குத்தி முறிந்தது.

"எடி, உனக்குக் கோடு கிட்டிச்சு, சாருக்கு ஊசி போச்சு. இனி அவருகிட்ட யாரு சொல்லுகது? எனக்கு வய்யா, என்னால முடியாது!"

கால் வட்டம்

நானே சொன்னேன். புது ஊசியிலும் அழுக்குப் பிடிக்கும் என்றார். வந்தது பார் எனக்கு ஆத்திரம்! "வாங்கோ சார், நீங்களே பாருங்கோ" என்று ஏசி இல்லாத அறையில் அவரை உட்காரவைத்து, இன்னொரு ஊசி மாட்டி, தாளைக் கால் வட்டம் திருப்பி வைத்தேன். ஊசியின் அழுக்கென்றால் கோடு பழையபடி படுத்தே கிடக்கும். தாளுக்குள் இருப்பதென்றால் தாளோடு திரும்பும்.

படம் வரிவரியாக வந்தது. கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் அடித்துப்பிடித்து பஸ் ஏறியவர் போல சார் வியர்த்துப்போனார். ஏதோ சொல்ல வந்தவரை உதட்டில் விரல் வைத்து அடக்கினேன். கோடு நிமிர்ந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுரையில் 'பழுதே இல்லை' என்பதை அவர் கையாலேயே அடித்து நீக்கினார்.

"எனக்கு அப்பவே ஒரு சம்சயம் உண்டாயிருந்தது."

ஆகையால் சகபாடிகளே, ஊசியை மாற்றுங்கள், தாளைத் திருப்புங்கள், வேண்டுமானால் கைடையும் வேகவையுங்கள். துடைக்க மட்டும் துடைக்காதீர்கள்.